சன்னல் சாத்தாத புது வீடு

இலுப்பூர்ப் பக்கம் ஏதாவது ஒரு வீட்டு இரும்புக் கேட்டில் உங்கள் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு இருந்தால் அது என் கைவேலை. இல்லையென்றால் என்னிடம் தொழில் பழகியவன் கைவேலை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. ஐந்தாம் வகுப்பு முடித்த கையோடு புதுக்கோட்டையில் லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் பிரஷ் கழுவப் போனவன் நான். இன்றைக்கு இலுப்பூர்க் கடைத்தெருவில் சொந்தக் கட்டடத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். மகன் இன்ஜினீயராகிக் கத்தாரில் இருக்கிறான். ஊருக்கு வெளியே கண்மாயைப் பார்த்த மாதிரி மாடி வீடு கட்டியாகிவிட்டது. எவனும் தூக்கிக் கொடுத்து வந்ததில்லை இதெல்லாம்.

அந்த மாடி வீட்டைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதில் இரவு பகல் எந்நேரமும் எல்லாச் சன்னலும் திறந்தே கிடக்கும். மழைச் சாரல் அடித்தால் அந்தப் பக்கத்தை மட்டும் சாத்துவோம். கண்மாய்க்கு மாடு ஓட்டிப் போகிறவர்கள் வாசலில் நின்று, "என்ன மொதலாளி, சன்னலுக்குக் கொண்டி போடக் காசு பத்தலயா" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவர்களை விட்டுவிடுவேன். என் சொந்தக்காரர்கள்தான் விடுவதாக இல்லை. புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றே சம்பந்தி வீட்டுச் சீர் விளக்கை எண்ணெய் டின்னுக்குள் வைத்தவன் என்று கல்யாணத்துக்குக் கல்யாணம் என்னைப் பேசுகிறார்கள். வைத்தேன். இன்னொரு வீடு கட்டினாலும் வைப்பேன். ஏன் என்று ஒருதரம் எழுதிவிட்டால் பந்தியில் உட்கார்ந்து ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

என் உடம்பு பெயிண்டை இளக்குகிற தின்னரில் ஊறிய உடம்பு. தின்னர் டின்னைத் திறந்தால் பழுத்த பலாவைப் பிளந்த மாதிரி ஒரு இனிப்பு வாசனை முகத்தில் அடிக்கும். பட்டறைக்குப் போன புதிதில் தலை சுற்றியது, வாந்தி வந்தது. பிறகு பசி செத்துப்போனது. பிறகு ஒன்றுமே தெரியவில்லை. ஒன்றும் தெரியாமல் போய்விட்டால் அவன் தொழில்காரன் ஆகிவிட்டான் என்று பட்டறையில் சொல்வார்கள். சாயங்காலம் ஆளுக்கு ஒரு வாழைப்பழமும் ஒரு துண்டு வெல்லமும் கொடுப்பார் முதலாளி. உள்ளே போன பெயிண்டை அது இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்று எல்லோரும் நம்பினோம். கையை மண்ணெண்ணெயில் கழுவுவோம். அந்தக் கையாலேயே பழத்தை உரிப்போம்.

கல்யாணம் ஆன பிறகு, நான் தெருமுனை திரும்பும்போதே என் மனைவி கண்டுபிடித்துவிடுவாள். "தின்னர் டின்னு நடந்து வருது" என்பாள். சட்டையை வெளியே கழற்றிப் போட்டால்தான் உள்ளே விடுவாள்.

"எனக்கு ஒரு வாசமும் தெரியலயே" என்பேன்.

"ஒங்க மூக்கு செத்துப்போச்சு. எனக்குக் கண்ணு கரிக்குதுல்ல" என்று வெங்காயம் நறுக்குகிறவள் மாதிரி முந்தானையின் ஓரத்தால் கண்ணை ஒற்றிக்கொள்வாள். பிரஷ் வேலை பார்த்த அன்றைக்கு லேசாக ஒற்றுவாள். ஸ்ப்ரே அடித்துவிட்டு வந்தால் நன்றாகவே துடைப்பாள். அந்த முந்தானையை இத்தனை வருஷமும் பார்த்தவன் என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் இருந்தது ஓட்டு வீடு. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் அணில் புகுந்து வரும். அதை நல்ல வீடு என்று சொல்லமாட்டேன். மழைக்கு ஒழுகியது, விறகுப் புகையில் சுவரே கறுத்துப்போனது. ஆனால் எந்த நெடியும் அதில் தங்காது. என் சட்டையோடு வந்ததும் சரி, அடுப்பிலிருந்து வந்ததும் சரி, வந்த வழியே போய்விடும்.

தொழிலில் நெடி குறைந்துகொண்டே வந்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன். இன்றைக்கு என் கடையில் சுவருக்கு வாங்கிப் போகிற பெயிண்டில் பெரும்பாலும் தண்ணீர் கலந்து அடிப்பதுதான். முன்பு ஒரு அறை அடித்தால் தெருவுக்கே தெரியும். இப்போது பக்கத்து அறைக்குத் தெரிவதில்லை. கேட்டுக்கும் கதவுக்கும் மட்டும் பழைய எனாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கும் வாசம் இல்லாத சரக்கு வந்திருக்கிறது என்று கம்பெனிப் பையன்கள் டை கட்டிக்கொண்டு வந்து சொல்கிறார்கள். நல்லதுதான். என் காலத்தில் வந்திருந்தால் நானும் வாங்கி அடித்திருப்பேன்.

ஆனால் வேலையில் குறைந்தது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதே, அதை யார் பார்த்தார்கள்? கொசுவுக்குச் சுவரில் சொருகிய மருந்து ராத்திரி முழுக்க ஆவி விடுகிறது. தரை துடைக்க மல்லிகை வாசத்தில் ஒரு தண்ணீர், கக்கூசில் தொங்குகிற வில்லை, காரில் ஆடுகிற புட்டி, மகன் லீவில் வரும்போதெல்லாம் கொண்டுவருகிற சென்ட். நகச்சாயம் அழிக்கிற தண்ணீர் இருக்கிறதே, அதை ஒருநாள் மோந்து பார்த்தேன். அதன் நெடி லேசாக எனக்கே தெரிந்தது. எங்கள் தின்னருக்குத் தங்கச்சி முறை. அலமாரிக்கு மரம் போய், பசை போட்டு அழுத்திய பலகை வந்துவிட்டது. இவ்வளவையும் உள்ளே வைத்துவிட்டு, ஏசி குளிர் வெளியே போகக் கூடாதென்று சன்னலுக்கு ரப்பர் வைத்து அடைக்கிறார்கள். நான் பட்டறையில் வாங்கியது அதிகம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் பட்டறைக்கு மூன்று பக்கம் சுவரே கிடையாது.

வீடு பாதி எழும்பி நிற்கும்போது இருமல் நிற்காமல் புதுக்கோட்டையில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் போனேன். குழாயில் ஊதச் சொன்னார். ஊதினேன். இன்னும் ஊதச் சொன்னார்.

"இம்புட்டுத்தாங்க டாக்டர் வருது" என்றேன்.

"எத்தனை வருஷமா பெயிண்ட் வேலை?"

"நீங்க பொறக்குறதுக்கு முந்தியிருந்து."

"மாஸ்க் போடுவீங்களா?"

"துண்டக் கட்டிக்கிருவோம். வேர்த்துச்சுன்னா கழட்டிருவோம்."

அவர் சிரிக்கவில்லை. பட்டறைப் பக்கம் இனிமேல் போகக் கூடாது, அந்தக் காற்று விஷம் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"அந்தக் காத்துலதான் டாக்டர் எம் பிள்ளை படிச்சான். என் தங்கச்சி கல்யாணம் நடந்துச்சு. அதப் போயி விஷம்னா நான் ஒத்துக்கிற மாட்டேன்" என்றேன்.

"ஒத்துக்க வேணாம். ஒங்க நெஞ்சுல போனத நான் திருப்பித் தர முடியாது. அதே காத்த ஒங்க வீட்ல வேற யாரு வாங்குறாங்கன்னு மட்டும் பாத்துக்கங்க. பெயிண்ட் காஞ்ச பெறகும் ஆவி வந்துக்கிட்டுத்தான் இருக்கும். மூக்குக்குத் தெரியலன்னா அது இல்லன்னு அர்த்தம் இல்ல."

எழுந்து வந்தேன். மாத்திரை வாங்கினேன், பஸ் ஏறினேன். மனுஷன் என்னைத் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். கேள்வி கேட்டு அனுப்பிவிட்டார். அது கூடவே இலுப்பூர் வரைக்கும் வந்தது.

வீடு முடிகிற நேரத்தில் மருமகள் உண்டாகியிருந்தாள். பொன்னமராவதிப் பெண். அவள் அப்பா அங்கே நெல் மண்டி வைத்திருப்பவர். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுப் பெண்ணுக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் குழந்தை பிறக்கும்வரை புது வீட்டில் பால் காய்ச்சக் கூடாது. ஆடியில் செய்ய முடியாது. ஆவணி கடைசியில் ஏழாம் மாதம் பிறந்துவிடும். மகனுக்கும் லீவு அதற்குள் முடிகிறது. ஆகவே ஆவணி முதல் முகூர்த்தம் என்று சம்பந்தி நாள் குறித்துவிட்டார். கொத்தனார், தச்சர், எலக்ட்ரீஷியன், என் பெயிண்டர்கள் எல்லோரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு வேலை பார்த்தோம். கதவுகளுக்குக் கடைசிப் பூச்சு நானே அடித்தேன். என் வீட்டுக் கதவை வேறு எவன் அடிப்பது? முதல் நாள் சாயங்காலம் பிரஷைக் கீழே வைத்தேன். விடியற்காலையில் பசுமாடு உள்ளே நுழைந்தது.

பால் பொங்கியது. சம்பந்தி சீராகக் கொண்டுவந்த வெள்ளிக் காமாட்சி விளக்கைக் கூடத்தில் ஏற்றினார்கள். ஏற்றிய விளக்கு மறுநாள் விடிகிற வரை அணையக் கூடாது, வீட்டுக்காரர்கள் அன்றைக்கு அங்கேதான் படுக்க வேண்டும். இதுவும் வழக்கம். கண்மாய்க் காற்று விளக்கைச் சாய்த்தது. உடனே சம்பந்தி எழுந்து போய் ஒவ்வொரு சன்னலாகச் சாத்திக் கொண்டி போட்டார். மகன் ஏசியைப் போட்டான். வந்தவர்கள் எல்லாம், "அடடா, புது வீட்டு வாசம்" என்று மூச்சை இழுத்து இழுத்து விட்டார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த வாசம் என் சரக்கு.

மருமகள்தான் காலையிலேயே சொன்னாள். "மாமா, நெடி ரொம்ப இருக்கு மாமா. தலைய வலிக்குது."

"எனக்கு ஒண்ணும் தெரியலயே ஆத்தா. விடியாம எந்திரிச்ச அசதி. செத்த நேரம் படு, சரியாப் போகும்" என்றேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து பந்தலில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மாடியறையில் ஏசியில் படுக்க வைத்திருந்த பெண் இரண்டாம் தடவை வாந்தி எடுத்துவிட்டாள் என்று கூப்பிட்டார்கள். போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், முகம் வெளுத்து. சுற்றி நின்ற பெண்கள் மசக்கை என்றார்கள்.

"மசக்கையெல்லாம் எப்பவோ தீந்துபோச்சு. ரெண்டு மாசமா நல்லாத்தான் தின்னுக்கிட்டிருந்தா" என்று சொன்ன என் மனைவி முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். ஒற்றவில்லை. துடைத்தாள்.

அழுகிறாளோ என்று பார்த்தேன். அழவில்லை. கண் சிவந்திருந்தது.

அப்போதுதான் என் மூக்கை நம்புவதை விட்டேன். அறையிலிருந்த புது அலமாரியைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். ஒரு வாசமும் இல்லை எனக்கு. ஆனால் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. மூக்கு போனால் போகட்டும், கண் இன்னும் இருக்கிறதே. டாக்டர் கேட்ட கேள்விக்கு ஆள் யார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இதோ உட்கார்ந்திருக்கிறாள், அவளும் அவள் வயிற்றில் இருக்கிறதும்.

மாடியறைச் சன்னலைத் திறந்தேன். அடுத்த அறையையும் திறந்தேன். படியிறங்கி வந்து கூடத்துச் சன்னல்களில் கை வைத்தேன்.

"சம்பந்தி, வெளக்கு" என்று பாய்ந்து வந்தார் சம்பந்தி.

"தெரியும் சம்பந்தி. இந்த வீட்டுக்குள்ள இருக்கிற காத்து ஆகாது. வெளிய போகட்டும்."

"வெளக்கு அணஞ்சா என்ன ஆகும்னு தெரியுமா ஒங்களுக்கு? எம் மக வயித்துப் புள்ளக்காரி. மொதப் புள்ள."

"அவளுக்காகத்தான் தெறக்கிறேன்."

"அவளுக்காகத்தான் நான் மூடுனேன்."

நான் கொண்டியைத் தள்ளிவிட்டேன். சன்னல் வழியாகக் காற்று வந்தது. சுடர் படுத்துவிட்டது. சம்பந்தி மேல்துண்டை உதறி விளக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். அவர் பயம் எனக்குப் புரியாததா? ஆனால் புரிந்ததற்காகச் சன்னலைச் சாத்த முடியாது.

மகன் இடையில் வந்தான். "அப்பா, ஏசி ஓடுதுல்ல. நெடியெல்லாம் போயிரும்ப்பா."

"எங்கடா போகும்? உள்ள இருக்கிற காத்தையேதான அது குளுத்திக் குளுத்திச் சுத்தி விடுது? வெளிய தள்ளுதா?"

இன்ஜினீயர் மாமனார் பக்கம் திரும்பிப் பார்த்தான். எனக்குத் தெரிந்த அளவுக்கு அவனுக்கும் தெரியும். மாமனார் முன்னால் வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

பின்பக்கம் சமையல்காரர்கள் வெந்நீர் காய்ச்சுவதற்கு வைத்திருந்த எண்ணெய் டின் ஒன்று கிடந்தது. கடலை எண்ணெய் டின், மேல் பக்கம் மட்டும் வெட்டி எடுத்தது. அதைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். முன்னால் போர்ட்டிக்கோவில், காற்றுக்கு முதுகு காட்டிப் படுக்க வைத்தேன்.

"சம்பந்தி, வெளக்கத் தூக்குங்க. இதுக்குள்ள வச்சா எந்தக் காத்தும் அசைக்காது. வெளக்கும் இருக்கும், சன்னலும் தெறந்திருக்கும்."

"வெள்ளி வெளக்கு சம்பந்தி அது."

"டின்னும் சுத்தமாத்தான் இருக்கு."

அவர் என்னை முறைத்தார். ஆனால் மாடியிலிருந்து மறுபடியும் மருமகள் ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. மனுஷன் விளக்கைத் தூக்கிவிட்டார். நான் துண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன். கூடத்திலிருந்து வாசல்வரை இரண்டு சம்பந்திகளும் ஒரு சுடரைப் பொத்திக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்ததைப் பந்தலில் மிச்சமிருந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். சுடர் அணையவில்லை. டின்னுக்குள் போனதும் நிமிர்ந்து நின்றது.

அதற்குப் பிறகுதான் அவர் வெடித்தார். "எங்க வீட்டு மரியாதைய எண்ணெ டின்னுல வச்சுட்டீங்க சம்பந்தி. ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். இன்னொண்ணும் சொல்லிர்றேன். இன்னைக்கு இங்க ஒங்க மக படுக்க மாட்டா. பழைய ஓட்டு வீட்டுக்குப் போறா."

"மொத நாளு வீட்ட யாரும் படுக்காமப் போட்டா வெளங்குமா?"

"நான் படுக்கிறேன். கட்டுனவன் நான். என் பேருலதான் வீடு இருக்கு. கயித்துக் கட்டில இந்த வெளக்குக்குப் பக்கத்துல போட்டுக்கிருவேன்."

"டின்னுக்குக் காவலா?" என்று கேட்டது என் மனைவி. எல்லோருக்கும் சிரிப்பு வந்தது, சம்பந்தியைத் தவிர. அவர் சாயங்காலமே காரை எடுக்கச் சொல்லிப் பொன்னமராவதிக்குப் போய்விட்டார். மகளைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பழைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பெண் ரசம் விட்டுச் சோறு தின்றுவிட்டுத் தூங்கினாள் என்று மனைவி போனில் சொன்னாள். விடிந்து நான் எழுந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் போட்டோ பிடித்துச் சம்பந்திக்கு அனுப்பச் சொன்னேன் மகனிடம். பார்த்துவிட்டார் என்று இரண்டு நீலக் கோடு விழுந்ததாம். பதில் வரவில்லை.

மகன் அந்த வீட்டில் ஒருநாள்கூடத் தூங்காமலே கத்தார் போனான். அவனுக்கு என்மேல் வருத்தம்தான். இருக்கட்டும். நான் தினம் காலையில் போய் ஒவ்வொரு அலமாரிக் கதவையும் திறந்து வைத்தேன். மின்விசிறிகளை ஓடவிட்டேன். கூடத்தில் மண் படிந்தது. திரை தொங்கவிடுகிற கம்பியில் குருவி கூடு கட்டியது. என் அக்கா வந்து பார்த்துவிட்டு, "இம்புட்டுச் செலவழிச்சுக் கட்டிக் குருவிக்குக் குடுத்துட்டியேடா" என்றாள். ஊரெல்லாம் பெயிண்ட் விற்கிறவன் தன் வீட்டுப் பெயிண்டுக்குப் பயப்படுகிறான் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். கடைக்கு வருகிறவர்களிடம் நானே சொல்ல ஆரம்பித்தேன், "அடிங்க, ஆனா அடிச்ச கையோட குடி போகாதீங்க" என்று. வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை. நான் சொல்லி வாங்காமல் போனவன் யாரும் இல்லை.

தாய்வீட்டில் பிரசவம். பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது. விளக்கு அணையாததால்தான் என்று சம்பந்தி சொன்னாராம். சன்னலைத் திறந்ததால்தான் என்று சொல்ல எனக்கும் நாக்கு துடித்தது. தொட்டிலுக்கு முன்னால் வழக்குப் பேச வேண்டாம் என்று மனைவி கையைப் பிடித்துவிட்டாள்.

தை மாதம் குழந்தையைப் புது வீட்டுக்குக் கூட்டிவருவதாகப் பேச்சு. நானும் மனைவியும் அதற்கு முன்பே அங்கே குடி வந்திருந்தோம். முதலில் சம்பந்தி தனியாக வந்தார். ஆவணிக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் வாசலில் கால் வைக்கிறார். காப்பி வேண்டாமென்றார். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் பாட்டுக்கு மாடி ஏறினார். ஒவ்வொரு கதவாகத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு அடுப்படிக்கு வந்தார். மேல் அலமாரியில் என் மனைவி பெரிய பாத்திரங்களை வைத்துச் சாத்தியிருந்தாள். வீட்டிலேயே சாத்திக் கிடந்தது அது ஒன்றுதான். ஸ்டூல் போட்டு ஏறி, அதைத் திறந்து, வெள்ளைச் சட்டையும் கரை வேட்டியுமாகத் தலையை உள்ளே விட்டார் நெல் மண்டி முதலாளி.

இறங்கி வந்தவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"அடுப்படியில இன்னும் இருக்கு சம்பந்தி. கண்ணு கரிக்குது. அதையும் தெறந்து போடுங்க. மாசி கழியட்டும், கூட்டியாரேன்."

அவர் வாயால் கேட்டுவிட்டேன், எனக்கு அது போதும். காப்பி கொண்டுவரச் சொன்னேன். இந்தத் தடவை குடித்தார்.

போகும்போது போர்ட்டிக்கோவில் நின்று மூலையைப் பார்த்தார். அந்த எண்ணெய் டின் அங்கேயே கிடக்கிறது, கழுவித் துடைத்து. "இன்னுமா வச்சிருக்கீங்க" என்றார். குழந்தை வருகிற அன்றைக்கும் விளக்கு ஏற்ற வேண்டியிருக்குமே, சன்னலை நான் சாத்தப்போவதில்லையே என்றேன்.